பேசும் புத்தகப் பெட்டி: வாங்குவது, வேகம் பார்ப்பது, கேட்பவர் கையில் கொடுப்பது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் போய் கிராமபோன் என்று கேட்டால், பித்தளைக் குழல் வைத்ததைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். இந்த அத்தியாயம் குழல் இல்லாத பெட்டி ஒன்றைப் பற்றியது. பார்வையற்றவர்கள் உட்கார்ந்து புத்தகம் கேட்பதற்கென்றே செய்யப்பட்ட ரெக்கார்டு பிளேயர் அது. அமெரிக்காவில் 1934 முதலும் பிரிட்டனில் 1935 முதலும் இந்தப் பெட்டிகள் நூலகம் வழியாக வீடுகளுக்குப் போயின. நம் பக்கத்துக் கடைகளில் இதைப் பார்ப்பது அரிது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனோ பேத்தியோ ஏலத்தில் எடுத்து, விமானப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தால்தான் ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழையும்.

அப்படி அரிதான ஒன்றுக்கு முழு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. இந்த நூலில் வரும் மற்ற எல்லா ஒலிக்கருவிகளும் கண்ணுள்ளவர் பார்த்து இயக்க வேண்டியவை. இது ஒன்றுதான் தொட்டு இயக்குவதற்கென்று செய்யப்பட்டது. அதனால் இதைச் சீர்செய்யும் முறையும் வேறு. மற்ற கருவிகளில் மெருகு ஏற்றினால் அழகு கூடும், இதில் தவறான இடத்தில் மெருகு ஏற்றினால் கருவியே பாழாகும். இந்த முறையைத் தெரிந்துகொண்டால், கடையில் கிடைக்கும் சாதாரண நான்கு வேக ரெக்கார்டு பிளேயரைக்கூட உங்கள் வீட்டில் பார்வை குறைந்த அப்பத்தாவோ ஐயாவோ துணையில்லாமல் இயக்கும்படி மாற்றிக் கொடுக்கலாம். எனக்கு முக்கியம் அதுதான்.

எப்படி வந்தது

எடிசன் 1878இல் தன் போனோகிராபால் என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் எழுதினார். பார்வையற்றவர்களுக்கான புத்தகம் அதில் முன்வரிசையிலேயே இருந்தது. ஆனால் அது கைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தடையாக இருந்தது நேரம். 78 வேகத்தில் சுழலும் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் அடங்கும். எட்டு மணி நேரம் ஓடும் ஒரு நாவலை அதில் பதிந்தால் அறுபது தட்டுக்குக் குறையாது. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே யார் நாவல் கேட்க முடியும்?

அமெரிக்கப் பார்வையற்றோர் அறக்கட்டளை ராபர்ட் இர்வின் முன்னின்று நடத்த, 1930களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டது. தட்டின் வேகத்தை நிமிடத்துக்கு 33⅓ சுற்றாகக் குறைத்தார்கள். வரிப்பள்ளங்களை நெருக்கினார்கள். தபாலில் போனால் உடையாத பிளாஸ்டிக் கலவையில் தட்டை வார்த்தார்கள். 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம் கிடைத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1934இல் இந்தத் தட்டுகளை வாசகர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. கடைகளில் எல்லாருக்கும் விற்ற 33⅓ வேக லாங் பிளே ரெக்கார்டு கொலம்பியா நிறுவனத்திடமிருந்து வந்தது 1948இல். அதாவது, உலகம் பின்னால் கொண்டாடிய நீண்ட ரெக்கார்டைப் பார்வையற்ற வாசகர்கள் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரெக்கார்டு வரலாறு எழுதுகிறவர்கள் பலர் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது.

பிரிட்டனில் போரில் பார்வை இழந்த இயன் ஃப்ரேசரின் முயற்சியில் 1935இல் இதேபோன்ற நூலகம் தொடங்கியது. அவர்கள் இன்னும் மெதுவாகப் போய் 24 சுற்றில் நிறுத்தினார்கள். பக்கத்துக்கு 25 நிமிடம், சராசரி நாவலுக்குப் பத்துத் தட்டு. முதலில் பதிந்தவற்றில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றும் ஜோசப் கான்ராடின் கடல் கதை ஒன்றும் உண்டு.

பொருளாதார மந்த காலத்தில் வேலையற்றோருக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தில், 1935 முதல் 1942 வரை அமெரிக்காவில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பேசும் புத்தகப் பெட்டிகள் செய்யப்பட்டன. தொடக்கத்திலேயே இரண்டு வகை இருந்தது: ஒலிபெருக்கி வைத்த மின்சாரப் பெட்டி ஒன்று, மின்சாரம் போகாத வீடுகளுக்காகச் சாவி கொடுத்து ஓட்டி ஹெட்போனில் கேட்பது இன்னொன்று. பின்னால் 1960களில் 16⅔ வேகமும், அடுத்த பத்தாண்டுக்குள் 8⅓ வேகமும் வந்தன.

நம் பக்கம் இதற்கு நெருங்கிய உறவு எது என்றால் நாடக செட். காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்குப் போகுமுன் ரெக்கார்டு வியாபாரத்தில் இருந்தவர். அவருக்குப் பங்குள்ள சரஸ்வதி ஸ்டோர்ஸ், சென்னையிலிருந்து ஜெர்மன் கம்பெனியான ஓடியனின் தமிழ் ரெக்கார்டுகளை விற்றது. அந்தக் காலத்துத் தமிழ் ரெக்கார்டு கம்பெனிகள் ஒரு நாடகத்தை முழுதாகப் பல தட்டுகளில் பிரித்துப் பதிந்து அட்டைப்பெட்டியில் செட்டாகத் தந்தன. பாட்டுக்கு நடுவே வசனம், வசனத்துக்கு நடுவே பாட்டு. மேடைக்குப் போக முடியாத பார்வையற்றவருக்கும் அது முழு நாடகம். பிறகு லாங் பிளே காலத்தில் திருவிளையாடல் போன்ற படங்களின் கதை வசனமே ரெக்கார்டாக வந்து, கல்யாண வீட்டு ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்க மனப்பாடம் ஆனது. பழைய சாமான் தெருவில் கதை வசன ரெக்கார்டு கண்ணில் பட்டால் விடாதீர்கள். தமிழில் பேசும் புத்தகத்துக்கு மிக அருகில் வரும் தட்டு அதுதான்.

வாங்கும்போது

அமெரிக்கப் பெட்டியானால் அடியிலோ பின்புறமோ அரசுச் சொத்து என்று பொறித்த தகடு இருக்கும். பெட்டியும் தட்டும் கடனாகப் போனவை, விற்கப்பட்டவை அல்ல. ஆகவே விற்பவரிடம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நூலகம் கழித்துவிட்டதா, முதியவர் காலமான பின் வீட்டிலிருந்து வந்ததா என்று தெரிந்துகொண்டு, பதிலை ஒரு தாளில் எழுதிப் பெட்டியோடு வையுங்கள்.

தட்டுகளின் லேபிளைப் பாருங்கள். அச்செழுத்தோடு பிரெய்ல் புள்ளிகளும் இருக்கும். பார்வையற்றோர் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற குறிப்பும் பழைய அமெரிக்கத் தட்டுகளில் உண்டு. எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் அந்த நிபந்தனையின் பேரில்தான் பதிய அனுமதி தந்தார்கள்.

பெட்டியைத் திறந்ததும் ஓடுகிறதா என்று உடனே மின்சாரத்தில் செருகிப் பார்க்காதீர்கள். கடைக்காரர் "அண்ணே, போட்டுக் காட்டவா?" என்று பிளக்கை எடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பல ஆண்டு ஓடாத கருவியில் கண்டன்சர்கள் கெட்டிருக்கும். 120 வோல்ட் பெட்டியில் நம் 230 வோல்ட் ஏறினால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர் சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மின்சாரம் நேரே உலோகச் சட்டத்துக்கே வரும். அதைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. தொட்டுத் தடவி இயக்கப்போகிற ஒருவருக்காக வாங்குகிறீர்கள் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய வால்வு ரேடியோ பார்த்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சட்டத்தில் மின்சாரம் கசிகிறதா என்று அளந்து பார்த்து, தேவையானால் தனித்துப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பிறகே வீட்டுக்குள் வரட்டும்.

கையால் பார்க்க வேண்டியவை: தட்டு மேடையைச் சுற்றிவிட்டால் தடங்கலில்லாமல் சுற்றி நிற்கிறதா, மோட்டாருக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள ரப்பர் சக்கரம் கெட்டிப்பட்டுப் பள்ளம் விழுந்திருக்கிறதா, முள் தாங்கும் கை மேலும் கீழும் பக்கவாட்டிலும் தடையில்லாமல் அசைகிறதா. ரப்பர் சக்கரம் போயிருந்தால் புது ரப்பர் கட்டலாம். குமிழ் தொலைந்திருந்தால்தான் கஷ்டம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேகம்

வாங்கியவர்கள் பெரும்பாலும் மனம் உடைவது இங்கேதான். பெட்டி ஓடும், விளக்கு எரியும், ஆனால் படிப்பவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இழுக்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று மூலையில் வைத்துவிடுவார்கள். பெட்டியில் கோளாறு இல்லை, நம் மின்சாரம் வேறு.

அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 அலை, நம்முடையது 50. அந்தக் காலத்து ரெக்கார்டு மோட்டார் அலையின் எண்ணிக்கையைப் பின்பற்றிச் சுழலும். அதனால் 60க்குச் செய்த மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 33⅓ வேகம் 27.8 ஆகிவிடும், 16⅔ வேகம் 13.9 ஆகிவிடும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரி செய்யாது. அது வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், அலையை மாற்றாது. கடைகளில் இதைத் தெரியாமல் விற்கிறார்கள், தெரியாமல் வாங்குகிறோம்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் தூய சைன் அலை தரும் சிறிய இன்வெர்ட்டர். பெட்டியைத் தொடாமலே வேகம் சரியாகிவிடும், அடுத்தவருக்கு மாற்றிக் கொடுத்தாலும் பெட்டி பிறந்த மேனியாக இருக்கும். பணம் இருந்தால் இதைத்தான் சொல்வேன். இரண்டு, மோட்டார் தண்டின் நுனியில் இருக்கும் படிப்படியான பித்தளைப் பூணை மாற்றுவது. ரப்பர் சக்கரம் தொடும் ஒவ்வொரு படியின் விட்டமும் ஐந்துக்கு ஆறாகப் பெருக வேண்டும்: 5 மில்லிமீட்டர் படி 6 ஆக வேண்டும், 3 மில்லிமீட்டர் படி 3.6 ஆக வேண்டும். லேத் பட்டறையில் பழைய பூணைக் கொடுத்து அளவு சொல்லிப் புதிதாகக் கடைந்து வாங்கலாம். கால் மில்லிமீட்டர் தவறினாலும் குரல் மாறிவிடும் என்பதால், வெர்னியர் வைத்து வேலை செய்கிற பட்டறையாகப் பாருங்கள். பழைய பூணைத் தூக்கி எறியாமல் உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். இந்த வழியில் போனால் ஸ்டெப் டவுனில் 100 வோல்ட் முனை உள்ளதாக வாங்குங்கள். 60க்குச் செய்த மோட்டாருக்கு 50இல் 120 வோல்ட் கொடுத்தால் அளவுக்கு மேல் சூடேறும்.

பிரிட்டிஷ் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான், வோல்ட்டும் நமக்கு நெருங்கியது. பிற்கால அமெரிக்கப் பெட்டிகளிலும் டி.சி. மோட்டார் இருந்தால் அலைக் கணக்குக் கிடையாது, வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதும்.

வேகம் சரியாக வந்துவிட்டதா என்று பார்க்கக் கடையில் கோடு போட்ட ஸ்ட்ரோபோஸ்கோப் தட்டு விற்கும். விளக்கு வெளிச்சத்தில் கோடு நிற்பதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்வது அது. இந்தப் பெட்டிக்கு நான் சொல்வது வேறு வழி. தபால் அட்டைக் கனத்தில் ஒரு துண்டு வெட்டி, மேடை விளிம்பில் கொஞ்சம் வெளியே நீட்டும்படி ஒட்டுங்கள். விரல் நுனியைப் பக்கத்தில் நிலையாக வைத்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அட்டை விரலைத் தட்டிப் போகும். தொலைபேசியில் மூன்று நிமிட அலாரம் வைத்து எண்ணுங்கள். 33⅓ வேகத்துக்கு 100 தட்டல். 24 வேகத்துக்கு 72. 16⅔ வேகத்துக்கு 50. 8⅓ வேகத்துக்கு 25. மூன்று நிமிடம் எடுத்தால் எல்லாமே முழு எண்ணாக வருவதைக் கவனியுங்கள். இந்தச் சோதனையைப் பார்வையற்றவரே யார் உதவியும் இல்லாமல் செய்யலாம், சரியாகவும் செய்வார்.

முள்

தெருவில் வாங்கிய சாவி கிராமபோனில் பேசும் புத்தகத் தட்டைப் போட்டுப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். கிராமபோன் தலை நூறு கிராமுக்கு மேல் எடையை இரும்பு முள்ளின் நுனியில் இறக்கும். 78 தட்டின் கெட்டிக் கலவை அதைத் தாங்கும். மெதுவேகத் தட்டின் மென்மையான பிளாஸ்டிக்கை ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும். கதை வசன லாங் பிளேக்கும் இதே விதிதான்.

பழைய மின் முள் தலைகள் பலவற்றில் ரோஷெல் உப்புப் படிகம் இருந்தது. அந்தப் படிகத்துக்கு ஈரமும் ஆகாது, 55 டிகிரிக்கு மேல் வெப்பமும் ஆகாது. சித்திரை வெயிலில் நம் மாடி அறையிலோ பூட்டிய காருக்குள்ளோ வைத்தால் அந்த அளவு எட்ட அதிக நேரம் ஆகாது. ஆகவே பழைய படிகத் தலை உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதே வகைப் பொருத்தில் செராமிக் தலை போட்டால் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரைத் தொடாமலே ஓடும். எடுத்த பழைய தலையையும் பத்திரப்படுத்துங்கள்.

தட்டைச் சுத்தம் செய்யக் காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு சொட்டுச் சோப்பு, மென்மையான பருத்தித் துணி போதும். ஸ்பிரிட் தொடாதீர்கள். 78 தட்டுகள் அரக்குக் கலவை, ஸ்பிரிட் பட்டால் அரக்குக் கரையும். எது அரக்கு, எது பிளாஸ்டிக் என்று உறுதி இல்லாதவர் எதிலும் ஸ்பிரிட் வைக்க வேண்டாம்.

காகிதம் போல வளையும் மெல்லிய தட்டுகள் கிடைத்தால் அவை பெரும்பாலும் பத்திரிகைகள். மாதா மாதம் வந்து, கேட்டு முடித்ததும் கழித்துவிடுவதற்கென்று அச்சிட்டவை. அடியில் தேவையற்ற கனமான ரெக்கார்டு ஒன்றைப் போட்டு அதன்மேல் இதை வைத்தால் வழுக்காமல் ஓடும்.

தட்டின் வேகத்துக்கு ஏற்ற பெட்டி இல்லாவிட்டால்

தட்டு மட்டும் கிடைத்து, பெட்டி கிடைக்காதவர்கள் சாதாரண 33⅓ பிளேயரில் ஓட்டி, கணினியில் பதிந்து, பிறகு மெதுவாக்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். திரையைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. உடன் அது நன்றாக ஒத்துழைக்கும் என்பதால் பார்வையற்றவரே இந்த வேலையைச் செய்யலாம். 96,000 சாம்பிளில் பதியுங்கள். 16⅔ தட்டானால் கோப்பின் சாம்பிள் விகிதத்தை 48,000 என்று மாற்றி அறிவித்தால் பாதி வேகம், 8⅓ தட்டானால் 24,000 என்று அறிவித்தால் கால் வேகம். ஒலியில் எதுவும் குறையாது. 24 வேக பிரிட்டிஷ் தட்டுக்கு வேகத்தை 72 சதவீதமாகக் குறைக்க வேண்டும். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். சுருதியை விட்டு வேகத்தை மட்டும் மாற்றும் கட்டளையை அழுத்தினால் படிப்பவர் குரல் கீச்சிடும்.

பக்கம் முடியும்போது, புத்தகம் மறுபக்கத்தில் தொடரும் என்று படிப்பவர் சொல்லும் வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள். இடம் அடைக்கிறது என்று பலர் வெட்டுகிறார்கள். தட்டைப் பார்க்க முடியாதவருக்கு அந்த வாக்கியம்தான் பக்க எண். புத்தகத்தின் அமைப்பே அதில் இருக்கிறது.

சட்டம் குறித்து: 2012இல் திருத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிகள் படிக்க ஏதுவான வடிவில் ஒரு நூலை மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. அது அவர்கள் பயன்பாட்டுக்குத்தான். பதிந்ததை எல்லாரும் கேட்கும்படி வெளியிட அதில் இடமில்லை.

கைக்கு ஏற்றபடி

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்பவர் இதைப் படியுங்கள்.

நம் ஊரில் மரவேலைக்காரருக்குக் குறைவில்லை. பர்மாத் தேக்குக் கதவுக்கு மெருகு ஏற்றிய பரம்பரைக் கைகள். பழைய பெட்டியைக் கொடுத்தால் புதிது போலாக்கித் தருவார்கள். பேசும் புத்தகப் பெட்டியில் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: கண்ணை மூடிக்கொண்டு பெட்டி முழுவதையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். எங்கே ஒரு வெட்டு, எங்கே ஒரு மேடு, எந்தக் குமிழ் உருண்டை, எது நீளம், எது சொரசொரப்பு என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள். முந்தைய கேட்பவர் ஒருவர் ஒலி அளவுக்காகக் கத்தி முனையால் கீறிய கோடு, நூல் சுற்றி ஒட்டிய அடையாளம், பசை உலர்ந்த புள்ளி, எதுவும் அழுக்காகவோ காயமாகவோ தோன்றலாம். ஒன்றையும் தேய்த்து எடுக்காதீர்கள். உப்புத்தாள் படுமுன் மரவேலைக்காரரிடம் அந்த இடங்களைத் தொட்டுக் காட்டுங்கள். லேபிளில் உள்ள பிரெய்ல் மேல் வார்னிஷ் பூசினால் புள்ளிகள் மழுங்கிவிடும்.

தொலைந்த குமிழுக்குப் பதிலாக, கடையில் கிடைத்த ஒரே அளவுக் குமிழ் நான்கு வாங்கி வரிசையாகப் பொருத்துவது பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. ஒலிக்கு உருண்டை, தொனிக்கு விளிம்பு வெட்டிய குமிழ், வேகத்துக்கு நீள மூக்கு என்று வேறு வேறு உருவம் வையுங்கள். குமிழ்கள் இருக்கும் வரிசை மாறக் கூடாது.

புதிதாக அடையாளம் வைக்கும்போது குறைவாக வையுங்கள். நகப்பூச்சை ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை சொட்டி உலரவிட்டால் கெட்டியான புள்ளி கிடைக்கும். வேகக் குமிழில் 33⅓ நிற்கும் இடத்துக்கு ஒரு புள்ளி, 16⅔ நிற்கும் இடத்துக்கு இரண்டு. ஒலி அளவு வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். எல்லா இடத்திலும் புள்ளி இருந்தால் எந்தப் புள்ளியும் வழிகாட்டாது.

முள்ளை இறக்குவதுதான் எல்லாரும் பயப்படும் இடம். தட்டின் விளிம்பில் முள் சரியாக இறங்க, முள் தாங்கும் கையின் பக்கத்தில் சிறிய மர நிறுத்தம் ஒன்றை ஒட்டலாம். கையை அதன்மேல் படும்வரை நகர்த்தி, மெதுவாக இறக்கினால் 12 அங்குலத் தட்டின் முதல் வரியில் விழும். 10 அங்குலத் தட்டுக்கு இன்னொரு நிறுத்தம், மடக்கக்கூடியதாக. நிறுத்தத்தை ஒட்டுமுன் தட்டு இல்லாமல், மேடையில் ஒரு மெத்தென்ற துணி விரித்துக் கேட்பவரே சில முறை பழகட்டும். இடத்தை அவர் கை சொல்லும்.

தட்டு உறைகளுக்கு, தலைப்பும் வரிசை எண்ணும் பிரெய்லில் அடித்த கெட்டித் தாளை வலது மேல் மூலையில் ஒட்டுங்கள். பிரெய்ல் படிக்காதவர் என்றால், முதல் தட்டுக்கு மூலையில் ஒரு வெட்டு, இரண்டாவதற்கு இரண்டு வெட்டு என்று போகலாம். வயதான பின் பார்வை இழந்தவர்களுக்குப் பிரெய்ல் தெரிந்திருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டில் எங்கே வைப்பது? மாடி அறையிலோ முகப்பிலோ வேண்டாம். மேற்கு வெயில் படாத உள்கட்டில், ஆத்தங்குடிக் கல் பதித்த குளிர்ந்த தரையுள்ள அறை நல்லது. தட்டுகளை நிமிர்த்தி நெருக்கமாக வையுங்கள். படுக்கப் போட்டு அடுக்கினால் வெப்பத்தில் வளைந்துவிடும். பெட்டியை ஒருமுறை வைத்த இடத்திலிருந்து நகர்த்தாதீர்கள். விருந்தாளி வருகிறார்கள் என்று மேசையைத் திருப்பிப் போட்டால், அன்று மாலை ஐயாவுக்குப் புத்தகம் இல்லை.

தட்டுக்குப் பின்னால் வந்தவை

இந்தியாவில் பேசும் புத்தகம் பரவியது நாடாவிலும் கேசட்டிலும்தான். மும்பையில் தேசியப் பார்வையற்றோர் சங்கமும் டேராடூனில் பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் கேசட் நூலகங்களை நடத்தின. அமெரிக்கக் கேசட் கிடைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அவை பாதி வேகத்தில், நான்கு தடத்தில் பதிந்தவை. 90 நிமிடக் கேசட்டில் ஆறு மணி நேரம் இருக்கும். நம் டேப் ரெக்கார்டரில் போட்டால் குரல் இரட்டை வேகத்தில், வேறு வேறு தடங்கள் ஒன்றாகக் கலந்து கேட்கும். கேசட் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள்.

இன்று தமிழில் புத்தகம் கேட்க, 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் உறுப்பினராகலாம். பார்வையற்றோருக்கான டிஜிட்டல் வடிவமான டெய்சியில் நூல்கள் அங்கே உண்டு. அச்சு நூலைப் படிக்க இயலாத எவரும் சேரலாம். மதுரையில் இந்தியப் பார்வையற்றோர் சங்கமும் சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்ல் பிரிவும் காரைக்குடியிலிருந்து போய்வரக்கூடிய இடங்கள். பார்வையற்றோருக்கான பிரெய்ல் நூல் கட்டுக்குத் தரைவழித் தபாலில் கட்டணம் இல்லை என்பதைத் தபால் நிலையத்தில் நினைவூட்டுங்கள். கட்டின் மேலேயே அது இன்ன வகை என்று எழுதி, பிரித்துப் பார்க்கும்படி கட்டித் தர வேண்டும்.

பெட்டியைக் கொடுத்தனுப்ப நேர்ந்தால் மேடையைக் கழற்றித் தனியே துணியில் சுற்றுங்கள். முள் தாங்கும் கையை அதன் கொக்கியில் மாட்டி நூலால் கட்டுங்கள். மோட்டாரை இறுக்கும் போக்குவரத்துத் திருகுகள் இருந்தால் இறுக்குங்கள். எந்தக் குமிழ் எதற்கு, எந்தப் புள்ளி எந்த வேகம், எத்தனை வோல்ட், எத்தனை அலை என்பதை உங்கள் குரலில் தொலைபேசியில் பதிந்து வாங்குபவருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். எழுதிய தாளையும் உள்ளே வைக்கலாம், ஆனால் குரல் முதலில் போய்ச் சேரட்டும்.